வேர் பிடித்த பந்தக்கால்

தம்பி, நீ கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். மரத்தை வெட்டியாகிவிட்டது. நேற்றுக் காலையில் ஆட்கள் வந்தார்கள், மத்தியானத்துக்குள் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். வாசலில் இப்போது அடிக்கட்டை மட்டும் நிற்கிறது. அதையும் அடுத்த வாரம் இயந்திரம் கொண்டுவந்து தோண்டி எடுத்துவிடுவார்களாம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். 'மரம் வெட்டியாச்சு' என்று தட்டி அனுப்பினால் நீயும் ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலுக்கு அனுப்பியிருப்பாய், கதை முடிந்திருக்கும். அப்படி முடிக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். லோரி ஓட்டினவனுக்கு எழுத என்ன வரும் என்று சிரிக்காதே. ஒரு வரி விடாமல் தினமும் பேப்பர் படிக்கிறவன் நான். நீயும் ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் படித்தவன்தான், எழுத்துக் கூட்டியாவது படித்துவிடு. முடியாவிட்டால் தர்ஷினியிடம் கொடு. பள்ளிக்கூட ஆசிரியை அல்லவா, என் கையெழுத்தைத் திட்டிக்கொண்டே உனக்குப் படித்துக் காட்டுவாள். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவள், அவளும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான் இது.

போன ஞாயிற்றுக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில், நாம் வழக்கமாகச் சாப்பிடும் அந்த வாழையிலைக் கடைக்கு நீங்கள் இரண்டு பேரும் தட்டோடு வந்தீர்கள். வெற்றிலை, பாக்கு, பழம், நடுவில் கல்யாணப் பத்திரிகை. பெற்ற பிள்ளை அப்பனுக்குப் பத்திரிகை வைக்கிறான், அதுவும் சாப்பாட்டுக் கடை மேசையில், ரசக் கிண்ணத்தை நகர்த்திவிட்டு. வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, உன் அம்மா படத்துக்கு முன்னால் வைத்து, அப்புறம் என் கைக்கு வரவேண்டிய பத்திரிகை அது. பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டேன். பாவம் அந்தப் பெண், எதுவும் முழுசாகத் தெரியாது. "மாமா, பந்தக்கால் நம்ம வீட்டுலதான ஊனணும்? பண்டமாரான்லதான?" என்று கேட்டாள். நீ இலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "ஹால்லயே ஊனிக்கலாம்லா. அவங்களே எல்லாம் ரெடி பண்ணிருவாங்க. அந்த மரம் நிக்கிற வரைக்கும் அந்த வாசல்ல நான் கால் வைக்க மாட்டேன். அப்பாவுக்குத் தெரியும்" என்றாய். நான் மோரை எடுத்துக் குடித்தேன்.

உன் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் எப்போதும் சொன்னதில்லை. அந்த மரத்துக் கொப்பு விழுந்துதான் உன் அம்மா செத்தாள். மூன்று வருஷமாக நீ பெட்டாலிங் ஜெயாவில் இருந்துகொண்டு, ஒரு மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய வீட்டுக்கு வராமல், என்னைக் கடைகளில் வைத்துப் பார்க்கிறாய். நானும் தலைமுடியைப் படிய வாரிக்கொண்டு, கொமுட்டர் ரயில் பிடித்து, விருந்தாளி மாதிரி வந்து உன் எதிரில் உட்கார்கிறேன். உனக்குத் தெரிந்ததை வைத்து நீ கோபப்பட்டாய். உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதை நேராகச் சொன்னால் உனக்கு விளங்காது. அந்த மரம் நம் வாசலுக்கு எப்படி வந்தது என்பதிலிருந்து சொல்ல வேண்டும். உன் அம்மா அதை உனக்குப் பாதிக் கதையாகத்தான் சொல்லியிருப்பாள்.

எங்கள் கல்யாணத்துக்குப் பந்தக்கால் ஊன்றக் கல்யாண முருங்கைக் கொம்பு கொண்டுவருகிறேன் என்று உன் பெரியப்பா பெரிய வாயாகச் சொல்லியிருந்தார். அப்போது அவர் நகராண்மைக் கழகத்தில் சாலையோர மரங்களைக் கழித்துவிடும் வேலையில் இருந்தார். மரம் அவர் கையில் இருக்கிறது, நமக்கென்ன கவலை என்று நாங்களும் விட்டுவிட்டோம். அன்றைக்குக் காலையில் வந்து நிற்கிறார், தோளில் கை கனத்துக்கு ஓர் அங்சானாக் கொம்பு, ரோட்டோரத்தில் நிழலுக்கு நிற்குமே, வேங்கை ஜாதி, அந்த மரம். "முருங்க எங்கண்ணே?" என்றேன். "நேத்து பாத்து வச்சிருந்தேன்டா, இன்னிக்குப் போனா எவனோ வெட்டிட்டுப் போயிட்டான். நல்ல நேரம் ஓடிக்கிட்டு இருக்கு, பச்சக் கொம்புதான, ஊனுங்கலா" என்கிறார். ஊன்றினோம். மஞ்சள் துணி கட்டி, மாவிலை கட்டி, பெண்கள் பால் ஊற்றப் போகும்போது உன் அத்தை ஒரு கூப்பாடு போட்டாள் பாரு, "ஐயய்யோ, கொம்புல ரத்தம் வடியுது!" என்று. வாசலில் இருந்தவர்களுக்கெல்லாம் முகம் வெளுத்துவிட்டது. அது ரத்தம் இல்லை, அங்சானாவின் பட்டை கிழிந்தால் பால் சிவப்பாகத்தான் கசியும். பெரியப்பா அதைச் சொல்லியும் யார் காதிலும் ஏறவில்லை. கடைசியில் யாரோ ஒருத்தி கை நிறையக் குங்குமத்தை அள்ளிக் கொம்பு முழுக்க அப்பிவிட்டாள். அதற்கப்புறம் எது பால், எது குங்குமம் என்று தெரியவில்லை. சடங்கு நடந்தது.

சடங்கெல்லாம் முடிந்ததும் பந்தக்காலைப் பிடுங்கித் தண்ணீரில் விடுவது வழக்கம். எனக்குத் துறைமுகத்தில் ஓய்வில்லாத ஓட்டம், பெரியப்பாவுக்கு அவர் வேலை, வெளியிலே விடாத மழை. ஒருவர் மற்றவர் செய்வார் என்று விட்டுவிட்டோம். ஒருநாள் காலையில் நான் லோரியைக் கிளப்பப் போகிறேன், உன் அம்மா வாசலிலிருந்து கத்துகிறாள், "ஏங்க, இங்க ஓடியாங்களேன்! நம்ம பந்தக்கால் துளுத்திருக்கு!" கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் அவள் குரலை யாரும் அதுவரை அவ்வளவு உயரத்தில் கேட்டதில்லை. புதுப்பெண் இப்படியா கத்துவது என்று உன் அத்தை முகத்தைச் சுளித்தாள். அவளோ கொம்பின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, நகம் அளவு இருந்த அந்த இலையைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா வந்து பார்த்துச் சிரித்தார். "அங்சானாவ எங்க சொருகினாலும் புடிச்சுக்கும் அம்மா. ரோட்டோரத்துல நிக்கிறதெல்லாம் இப்படிக் கொம்பு நட்டு வளத்ததுதான். நல்லா வளரட்டும், ஒன் மகன் கல்யாணத்துக்கு அறுத்து நல்ல பலகையா கட்டில் செஞ்சு குடுக்குறேன்" என்றார். அவள் பார்த்த பார்வையில் மனுஷன் அதற்குப் பிறகு அறுக்கிற பேச்சையே எடுக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி என்னிடம் சொன்னாள், "நம்ம பந்தக்கால் வேர் புடிச்சிருக்குங்க. அது நிக்கிற வரைக்கும் ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அதுல மட்டும் கத்தி படக்கூடாது." எனக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆம்பிளைக்கு இதைவிட என்ன வேண்டும், சொல்.

அது வளர்ந்த வேகம் உனக்கே தெரியும். நீ நடக்கப் பழகினபோது கூரையைத் தொட்டது, பள்ளிக்கூடம் போனபோது கூரையைத் தாண்டியது. அந்தத் தெருவில் நம் வீட்டுக்கு நம்பர் தேவைப்படவில்லை. கேஸ் கொண்டுவருகிறவன், தபால்காரன், பக்கத்து வீட்டு லிம் அங்கிளைத் தேடி வருகிற சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அடையாளம் அங்சானா மரத்து வீடுதான். வருஷத்தில் ஒருதரமோ இரண்டுதரமோ, நல்ல வெயிலடித்து ஒரு மழை பெய்தபின், மரம் மொத்தமும் ஒரே நாளில் பூத்துவிடும். ஒரு நாள்தான். மறுநாள் காலையில் ரோடு முழுக்க மஞ்சள். நீ அதில் புரண்டு உருண்டு சட்டையெல்லாம் மஞ்சளாக்கிக்கொண்டு வருவாய். சாயங்காலம் வரைக்கும் யாரும் துடைப்பத்தைத் தொடக்கூடாது என்று உன் அம்மா உத்தரவு போடுவாள். லிம் அங்கிள் மட்டும் முனகிக்கொண்டே தன் வாசலைக் கூட்டுவார். என் லோரிக் கூரையில் பூ கொட்டிக் கிடக்கும், அப்படியே ஓட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போவேன். கேட்டில் நிற்கிற பையன்கள் "என்னாண்ணே, கல்யாண லோரியா?" என்று கிண்டல் பண்ணுவார்கள். அந்த வாசனை இப்போது எழுதும்போதுகூட வருகிறது.

நீ ஆறாம் ஆண்டு படித்தபோது எனக்கு விபத்து நடந்ததே, காப்பார் சாலையில் லோரி கவிழ்ந்து காலை ஒடித்துக்கொண்டு கிள்ளான் ஆஸ்பத்திரியில் கிடந்தேனே, அதை மறந்திருக்க மாட்டாய். ஃபிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு அம்மாவோடு தினமும் வருவாய். ஆனால் அந்த வாரத்தின் ஆரம்பத்தில் என்ன நடந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மின்கம்பியில் உரசுகிறது என்று ஆட்கள் வந்து, அவள் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்த நேரத்தில், இரண்டு கொப்பை வெட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வந்து பார்த்தவள் வெட்டுவாயில் வடிந்த சிவப்புப் பாலைத் தன் முந்தானையால் துடைத்தாளாம். லிம் அங்கிள்தான் எனக்குப் பிற்பாடு சொன்னார். அதற்கு இரண்டொரு நாளில் நான் கவிழ்ந்தேன். மழைக்கு ரோடு வழுக்கியது, நானும் கொஞ்சம் வேகமாகத்தான் வளைத்தேன், வேறு ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் என் கட்டுப்போட்ட காலைப் பிடித்துக்கொண்டு, "நான் வீட்ல இருந்திருந்தா வெட்ட விட்டிருக்க மாட்டேங்க, நான் பாசாருக்குப் போயிட்டேங்க" என்று அவள் அழுத அழுகை இருக்கிறதே, பக்கத்துக் கட்டில்காரன் எனக்குச் சாவு வந்துவிட்டது என்று நினைத்துவிட்டான். அன்றையிலிருந்து ஒரு குச்சியைக்கூட ஒடிக்க விடமாட்டாள். வெள்ளிக்கிழமை தவறாமல் அடிமரத்தில் மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பாள். நீயும் நானும் கண்ணைக் காட்டிச் சிரித்துக்கொள்வோம்.

இப்போது உனக்குத் தெரியாததற்கு வருகிறேன். ரோட்டுப் பக்கம் நீண்டிருந்த அந்தப் பெரிய கொப்பு பட்டுப்போய்விட்டது என்று நீ வருகிறபோதெல்லாம் சொன்னாய். "அப்பாட்ட சொல்லி வெட்டச் சொல்லும்மா" என்பாய். "அப்பா பாத்துக்குவாருடா" என்பாள். அப்பாவுக்குச் சோம்பல் என்று நீ நினைத்துக்கொண்டாய். நான் நகராண்மைக் கழகத்துக்குப் போன் போட்டேன் தம்பி. ஆட்களும் வந்தார்கள். ஏணி வைத்த லோரி, நான்கைந்து பேர், மேஸ்திரி ஒரு மலாய்க்காரர், நல்ல மனுஷன். ரம்பத்தை எடுக்கும் சத்தம் கேட்டு உன் அம்மா சமையலறையிலிருந்து ஈரக்கையோடு, காலில் செருப்புகூட இல்லாமல் ஓடிவந்தாள். மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். "ஜாங்ஙான் போத்தோங், பாங். இனி போக்கோ காவின் சாயா" என்றாள். வெட்டாதீங்க அண்ணே, இது என் கல்யாண மரம் என்று. அவர் சிரித்துக்கொண்டே மேலே காட்டி, அந்தக் கொப்பு உளுத்துப்போச்சு அக்கா, அதை மட்டும் எடுத்துவிட்டுப் போகிறோம் என்று தன்மையாகச் சொன்னார். இவள் நகரவில்லை. நான் கேட்டருகில் நின்று, "அவங்க வெட்டிட்டுப் போகட்டும்டி, ஒரு கொப்புதான?" என்றேன். என் பக்கம் திரும்பி ஒரு முறை முறைத்தாள். "நீங்க உள்ள போங்க. இது ஒங்க உயிர் விஷயம், இதுல ஒங்களுக்குப் பேச்சு இல்ல" என்றாள். மேஸ்திரிக்குத் தமிழ் தெரியாது, ஆனால் பெண்டாட்டி பேச்சு புரியும் போலிருக்கிறது. என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு லோரியில் ஏறிப் போய்விட்டார். நானும் சிரித்துக்கொண்டு உள்ளே போய் ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தேன்.

மறு மாசமே அது நடந்தது. சாயங்காலம் வழக்கமாக வருகிற காற்றும் மழையும்தான். வாசலில் காயப்போட்ட துணியை எடுக்கப் போனாள். நான் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தேன். ஒரு சத்தம். வேறு ஒன்றும் எழுத முடியாது, என்னை மன்னித்துவிடு. நீ வந்து சேர்ந்தபோது லிம் அங்கிளும் தெருக்காரர்களும் கொப்பை அறுத்து ஓரமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். நீ மழையில் நின்று அந்த வெட்டுவாயைப் பார்த்தாய். உள்ளே வெறும் தூள். "அந்தக் கொப்பு செத்துப்போச்சுன்னு ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதாப்பா?" என்று கேட்டாய். "தெரியும்" என்றேன். "தெரிஞ்சும் வெட்டலயா?" என்றாய். நான் உள்ளே போய்விட்டேன். அன்றைக்கு உள்ளே பெண்கள் உட்கார்ந்து, "பூவும் பொட்டுமா போய்ட்டா, குடுத்து வச்சவ" என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். புருஷனுக்கு முன்னால் போவது அவர்களுக்குப் பாக்கியம். நீ நாற்காலியைத் தள்ளிவிட்டு, "எல்லாரும் வெளிய போங்க! எதடா குடுத்து வச்சது?" என்று கத்தினாய். உன்னைத் தடுத்து நிறுத்திய கைகளில் என் கையும் ஒன்று. அதை நீ தட்டிவிட்டாய். அதுதான் நீ என்னைக் கடைசியாகத் தொட்டது.

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று இப்போது கேட்பாய். அவளைக் கிடத்தியிருக்கிறது, நீ கொதித்துப்போய் நிற்கிறாய். உன் அம்மாதான் வெட்ட விடவில்லை என்று சொன்னால், அந்தக் கோபம் அவள்மேல் போகும். செத்தவள்மேல் கோபப்பட்டால் அதை எங்கே கொண்டுபோய் இறக்குவாய்? அவளால் பதில் சொல்லவும் முடியாது, உன்னைச் சமாதானப்படுத்தவும் முடியாது. என்மேல் கோபப்பட்டால் நான் உயிரோடு இருக்கிறேன், வாங்கிக்கொள்கிறேன், இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்குச் சரியாகும் என்று நினைத்தேன். இவ்வளவு நாள் போகும் என்று நினைக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ரயிலில் வரும்போது, இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். நீ வந்து, "சாப்ட்டீங்களா, மருந்து போடுறீங்களா" என்று யாரோ ஒருவரை விசாரிப்பது மாதிரி விசாரிப்பாய். போடுகிறேன் என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிடுவேன்.

சரி, அவள் போனபிறகாவது மரத்தை வெட்டியிருக்கலாமே என்று கேட்பாய். அதற்கும் நான் பதில் வைத்திருக்கிறேன், உனக்குப் பிடிக்குமோ என்னவோ. என் உயிருக்குக் காவல் என்று நம்பித்தான் அவள் அந்த மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றாள். அதை நான் போய் வெட்டிப் போட்டால், அது வெறும் மரம், நீ நம்பியதெல்லாம் ஒன்றுமில்லை என்று அவள் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி இருந்தது. மற்றக் கொப்புகளையெல்லாம் ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினேன், உறுதியாக இருக்கிறது என்றார்கள், பட்டதைக் கழித்துவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமைகளில் மஞ்சளை நானே பூசினேன். ஆம்பிளை மரத்துக்குப் பொட்டு வைக்கிறானே என்று தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். போன வருஷம் பூத்தபோது லிம் அங்கிள் தன் வாசலைக் கூட்டவில்லை. சாயங்காலம் வரைக்கும் துடைப்பத்தை வைத்துக்கொண்டு சும்மா நின்றார். நான் உள்ளே போய் அழுதேன்.

இப்படி இருந்தவன்தான் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து அன்றைக்குத் திரும்பி வந்தேன். ரயிலில் பத்திரிகையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். உன் அம்மா பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று போட்டிருந்தது, என் பெயர் பக்கத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்து மரத்தடியில் நின்று அவளிடமே கேட்டேன், "இது வேணுமா, அவன் வேணுமா, நீயே சொல்லுடி" என்று. அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். உனக்குச் சளி பிடித்தால் எனக்குச் சோறு வைக்க மறந்துவிடுகிறவள் அவள். மறுநாளே வெட்டுகிற ஆட்களுக்குப் போன் போட்டுவிட்டேன்.

நேற்றைக்கு நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்து முழுவதையும் பார்த்தேன். நுனியிலிருந்து ஒவ்வொன்றாகக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். வெட்டிய இடமெல்லாம் சிவப்பு. அடிமரத்தை அறுத்துத் தள்ளியதும் வெட்ட வந்த மேஸ்திரி, இவர் ஓர் இந்தோனேசியக்காரர், கையால் தடவிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். உள்ளே ரேகை சுருள் சுருளாக ஓடுகிறது, தேன் நிறம். இவ்வளவு அழகான கட்டையைத் தூக்கிப் போடாதீங்க அங்கிள், நல்ல மேசை செய்யலாம், கட்டில் செய்யலாம், எனக்குத் தெரிந்த பட்டறையில் சொல்கிறேன் என்றார். பெரியப்பா சொன்ன அதே கட்டில். "வேண்டாம் பாங், எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் போங்க" என்றேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? ஒன்றும் நடக்கவில்லை. அதைத்தான் உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கொப்பில் கத்தி பட்டாலே எனக்கு ஆகாது என்றாளே, மொத்த மரத்தையும் சாய்த்தாகிவிட்டது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மத்தியானம் பசித்தது, சோறு சாப்பிட்டேன். பிரஷர் மாத்திரை போட்டேன். படுத்தேன், தூக்கம்கூட வந்தது. சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து என் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தேன், நல்லபடியாக அடித்துக்கொண்டிருந்தது. தாங்க முடியவில்லை தம்பி. வாய்விட்டு அழுதேன். ஏதாவது ஆகியிருக்கக் கூடாதா, ஒரு தலைசுற்றலாவது வந்திருக்கக் கூடாதா, அவள் நின்றதற்கு ஓர் அர்த்தமாவது இருந்திருக்குமே என்று அழுதேன். லிம் அங்கிள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "சுடா லா, ஆனே, சுடா லா" என்றார். போதும் விடு அண்ணே என்று. அவருக்கும் குரல் சரியில்லை.

இன்னும் ஒன்றைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகச் சொன்னேன் என்றேன் அல்லவா, ஒன்றை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். கை கனத்துக்கு ஒரு கொம்பு, நேராக, அன்றைக்குப் பெரியப்பா தோளில் வந்தது மாதிரியே. உன் பந்தக்காலுக்கு இருக்கட்டும் என்று சுவரில் சாய்த்து வைத்தேன். அம்மா கொடுத்த மாதிரி இருக்கும், உனக்கும் மனசு ஆறும் என்று ஏதோ ஆசை. இன்றைக்குக் காலையில் தேத்தண்ணியோடு வந்து அதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அது பிடித்துக்கொள்ளும் தம்பி. எங்கே ஊன்றினாலும் பிடித்துக்கொள்ளும். ஒருநாள் காலையில் தர்ஷினி வந்து பார்ப்பாள், துளிர்த்திருக்கும். அவள் படித்த பெண், நம்ப மாட்டாள் என்றுதான் நீ சொல்வாய். உன் அம்மாவும் முட்டாள் இல்லை. ஒருநாள் உனக்கு லேசாக ஒரு காய்ச்சல் வந்தால் போதும், அவளும் போய் அந்த மரத்தில் முதுகைச் சாய்த்து நிற்பாள். வேண்டாம். கொம்பை இழுத்துக்கொண்டு போய் நகராண்மைக் குப்பை லோரி வந்ததும் நானே தூக்கிப் போட்டேன்.

உன் கல்யாணத்துக்கு இரும்புக் குழாயே போதும். ஹால்காரர்கள் வைத்திருப்பார்கள், பெயிண்ட் அடித்து, அடியில் தட்டு வைத்து நிற்க வைக்கிற மாதிரி. அதில் மஞ்சள் துணியைக் கட்டிக்கொள்ளலாம். காரியம் முடிந்ததும் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், வேர் விடாது, யாரும் காவல் காக்க வேண்டியதில்லை. உனக்கு நான் சொல்வதற்கு வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. தர்ஷினி எதற்காவது பயந்தால், அது எவ்வளவு அசட்டுப் பயமாக இருந்தாலும், சிரித்துவிட்டு உள்ளே போய்விடாதே. உன் உயிர் விஷயத்தில் உனக்குப் பேச்சு இல்லை என்று அவள் சொன்னால், அங்கேயே நின்று பேசு. கத்து, சண்டை போடு, கையைப் பிடித்து இழுத்து இந்தப் பக்கம் கொண்டுவா. அம்மாமேல் கோபம் வந்தால் வரட்டும், இரண்டு பேருமாகச் சேர்ந்து கோபப்படுவோம். வீட்டுக்கு வா.

பத்திரிகையைச் சாமி படத்துக்கு முன்னால் வைக்காமல் இன்னும் பைக்குள்ளேயே வைத்திருக்கிறேன், நீங்கள் இரண்டு பேரும் வந்து வைக்க வேண்டும் என்று. வரும்போது வண்டியை மெதுவாக ஓட்டு. மரம் இல்லாமல் நம் தெரு அடையாளமே தெரியாமல் போய்விட்டது. நேற்றைக்குக் கேஸ்காரன்கூட வீட்டைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தான். நீயும் தாண்டிப் போய்விடாதே. நான் மரம் இருந்த இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா